மூன்று நாள் பலகை

பலகையில் சிவப்பு மார்க்கரால் இனாஸ் அந்தச் சொல்லை எழுதியபோது லுத்ஃபி பக்கத்தில்தான் நின்றிருந்தான். கையில் தேநீர், முகத்தில் சிரிப்பு, வயிற்றில் எரிச்சல். மூன்றையும் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நிற்பது லேசான வேலையில்லை. ஆனால் மூன்று வருஷப் பழக்கத்தில் அது அவனுக்குக் கைவந்திருந்தது.

அவள் எழுதிய சொல் 'லேட்டஸ்ட்'. எழுதியவள் அவன் மனைவி.

நௌரஸ் என்பது அலெக்ஸாந்திரியாவில், ஸ்மூஹாவில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது, நாலாவது மாடிகளில் இருக்கும் கம்பெனி. டேட்டாபேஸ் செய்து விற்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள், கப்பல் ஏஜெண்டுகள், மளிகைக்கடை முதலாளிகள் என்று எகிப்து முழுக்க வாடிக்கையாளர்கள். அவர்கள் தங்கள் விவரங்களை டேபிள் டேபிளாகப் போட்டு வைப்பார்கள். போட்டதைத் திரும்பக் கேட்டு வாங்க ஒரு மொழி வேண்டுமல்லவா, அந்த மொழியும் நௌரஸ் செய்ததுதான். எந்தச் சொல்லை மொழி தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற பட்டியல் பதினோரு வருஷமாக லுத்ஃபியின் பொறுப்பில் இருந்தது.

பட்டியல் என்றால் ஒரு சின்ன ஃபைல், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு சொல்லை ஏற்றினால், அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளரும் தன் டேபிளில் எந்தத் தலைப்புக்கும் அந்தப் பெயரை வைக்க முடியாது. முன்னாலேயே வைத்திருந்தால் போச்சு. புதிய பதிப்பு ஏறிய காலையில் அவர்கள் கேட்கிற கேள்வி எதையும் மெஷின் ஏற்காது, பிழை பிழை என்று கத்தும். ஒரு தடவை 'பாயிண்ட்' என்ற சொல்லை யாரையும் கேட்காமல் ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் நைல் டெல்டா முழுக்க ஒரு மளிகைக்கடைக்காரரின் நாற்பது கிளைகளில் பில் போட முடியாமல் ஜனங்கள் கூடையும் கையுமாக நின்றார்கள். அவர் தன் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பாயிண்ட் கொடுத்துக்கொண்டிருந்தார். டைரக்டர் நெவீன் நேரில் போய், ஆறு பெட்டி பஸ்பூஸா இனிப்பு கொடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து தேநீர் மேஜைக்குப் பக்கத்தில் அந்தப் பலகை தொங்குகிறது. புதுச் சொல் எதுவானாலும் அதில் சிவப்பில் மூன்று வேலை நாள் இருக்கும். ஆட்சேபணை உள்ளவர்கள் கீழே எழுதலாம். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிவரை யாரும் எழுதவில்லையென்றால் எல்லோரும் சம்மதித்ததாக அர்த்தம். லுத்ஃபி அடியில் கோடு போட்டுவிடுவான். கோடு விழுந்த பிறகு யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. நெவீனே ஒரு தடவை நாலாம் நாள் ஆட்சேபணையோடு வந்து, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

வாடிக்கையாளர் உதவியைப் பார்த்துக்கொள்ளும் ஸக்கரியாவுக்கு வாய் சும்மா இருக்காது. பலகையைப் பார்த்ததும், இன்ஜினியர்களைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல்லோடு லுத்ஃபியிடம் ஆரம்பித்தான்.

"பாஷ்மொஹந்திஸ், உங்க வீட்ல ஒதுக்கின சொல் எத்தனை? எங்க வீட்ல ஒண்ணே ஒண்ணுதான், 'முடியாது'. அது என் பொண்டாட்டிக்கு மட்டும்தான். நான் சொன்னா பிழைன்னு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். இனாஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். லுத்ஃபியும் சிரித்தான், ஒரு விநாடி தாமதமாக.

அவன் பொறாமைக்குக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டால் இன்ஜினியரிங் காலேஜுக்குப் போக வேண்டும். அவள் வகுப்பில் முதலாவது, அவன் நாலாவது. கல்யாணமான புதிதில், கம்பைலர் பாடத்தை அவளுக்குத் தான்தான் சொல்லிக்கொடுத்ததாக நண்பர்களிடம் பெருமையடிப்பான். உண்மையில் நோட்டு அவளுடையது; அவன் கடன் வாங்கிப் படித்தவன். அதன்பின் அவள் ஒரு வங்கியில் எட்டு வருஷம் அலுப்பான வேலை பார்த்தாள். அந்த எட்டு வருஷமும் லுத்ஃபி தங்கமான கணவன். அவள் அலுத்து வருவாள், அவன் ஆறுதல் சொல்வான், தோளைத் தட்டிக்கொடுப்பான். மூன்று வருஷத்துக்கு முன் நௌரஸில் ஓர் இடம் காலியானபோது நெவீனிடம் அவள் பெயரைச் சொன்னவனும் அவன்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டான் என்று வேறொருவன் கதையாக இருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

வந்த ஆறாம் மாதம், அவன் இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த இலக்கண விதிகளை அவள் சீராக்கினாள். அடுத்த வருஷம் பிழைச் செய்திகளை மனுஷர் படிக்கிற மாதிரி மாற்றினாள். இப்போது இது. ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசியாக எடுத்த ரத்த அழுத்தம் என்ன, ஒவ்வொரு கப்பலும் கடைசியாக எந்தத் துறைமுகத்தில் நின்றது என்றெல்லாம் கேட்க, வாடிக்கையாளர்கள் இதுவரை பதினோரு வரி எழுதித் திண்டாடினார்கள். அவள் கொண்டுவந்த ஒரே சொல்லில் அது ஒரு வரியாகிவிட்டது. கூட்டத்தில் அதைச் செய்து காட்டியபோது மறுபடி ஒரு தடவை காட்டச் சொன்னார்கள். அந்தப் பதினோரு வரி வழியைக் கையேட்டில் எழுதியவன் லுத்ஃபி.

"இது ரொம்ப நாளைக்கு முன்னாடியே நமக்குத் தோணியிருக்கணும்," என்றார் நெவீன். பிறகு, ஏதோ ஜன்னலைச் சாத்தச் சொல்கிற மாதிரி சாதாரணமாக, "இந்தப் பதிப்பு போனதும் பட்டியலையும் இனாஸ்கிட்டயே குடுத்துடலாமான்னு யோசிக்கிறேன். லுத்ஃபிக்கும் கொஞ்சம் பாரம் குறையும்," என்றார்.

பாரமாம்! பதினோரு வருஷமாக ஊரில் யார் கேட்டாலும் அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே விஷயம் அது. மொழிக்குள் நுழைகிற ஒவ்வொரு சொல்லும் அவன் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதை இனி அவன் மனைவி வைத்துக்கொள்வாள். அவன் தினமும் காலையில் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து இறக்கிவிடுவான்.

சொல்லைப் பலகையில் ஏற்றுமுன் ஸக்கரியா வழக்கம்போல் தேடிப் பார்த்திருந்தான். வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு அனுப்புகிற டேபிள்களின் அமைப்பையெல்லாம் அவன் சேர்த்து வைத்திருந்தான். நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். எதிலும் 'லேட்டஸ்ட்' என்ற பெயரில் தலைப்பு இல்லை. சுத்தம் என்றான்.

சுத்தமில்லை என்பது லுத்ஃபிக்குத் தெரியும்.

டெல்டாவில், ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், ஒரு சின்ன ஊரில் தனியார் ரத்த வங்கி ஒன்று இருக்கிறது. நௌரஸின் முதல் வாடிக்கையாளர்களில் ஒன்று. ஸக்கரியா வேலைக்குச் சேருமுன்பே, சேகரிப்பு என்ற ஒன்று தொடங்குமுன்பே, லுத்ஃபி நேரில் போய் இரண்டு நாள் உட்கார்ந்து கட்டிக்கொடுத்த டேபிள்கள். ரத்தம் கொடுத்தவரின் கடைசிப் பரிசோதனை என்றைக்கு நடந்தது என்ற தலைப்புக்கு அங்கே பெயர் 'லேட்டஸ்ட்'. அதன்பிறகு அவர்கள் ஒரு நாளும் உதவி கேட்டதில்லை. அவ்வளவு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவனுக்கும் இனாஸுக்கும் நிச்சயமாகியிருந்தது. அவளும் அவள் அம்மாவுக்கு ஏதோ பொய் சொல்லிவிட்டுக் கூட வந்திருந்தாள். அவனுக்கு ஞாபகமிருந்ததெல்லாம், ஸ்பிரிட் நெடி பிடிக்காமல் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றதுதான்.

பலகைக்கு முன்னால், தேநீர் ஆறுவதற்குள் அவன் எல்லாவற்றையும் யோசித்துவிட்டான். பதிப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறது. பழைய வாடிக்கையாளர்களுக்குத்தான் முதலில் ஏற்றுவார்கள். ரத்த வங்கியில் காலையில் மெஷினைத் திறந்தால் எந்தப் பை சோதித்தது, எது சோதிக்காதது என்று ஒன்றும் தெரியாது. இங்கே போன் அடிக்கும். இனாஸின் சொல்தான் காரணம் என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அப்போது லுத்ஃபி நிதானமாக எழுந்து, அந்தப் பெயரைச் சுற்றி மேற்கோள்குறி போட்டால் போதும் என்று சொல்லி, அரை மணியில் எல்லாவற்றையும் நேராக்குவான். அரை மணியில் யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். யாருக்காவது அந்த அரை மணியில் ரத்தம் தேவைப்பட்டால் என்ற கேள்வியும் வந்தது. அதற்குப் பதில் சொல்லாமல், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

அன்று ஞாயிறு. மாலையில் இனாஸ் அடுப்படியில் மடவை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். லுத்ஃபி எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எண்ணெய் புகைய ஆரம்பித்தது.

"மீன் கருகுது," என்றான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "லுத்ஃபி, அந்தச் சொல்லைப் பத்தி உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

"நல்ல சொல்லுதான். என்ன சொல்லணும் அதுல?"

"இல்ல, சும்மா கேட்டேன்." மீனைத் திருப்பிப் போட்டாள். ஒரு பக்கம் கறுத்துவிட்டிருந்தது. அந்த மீனை அவளே எடுத்துத் தின்றாள்.

திங்களன்று, ஊரில் காஸிம் என்று பெயர் வைத்திருக்கிற குளிர்காலப் புயல் வந்துவிட்டது. வருஷா வருஷம் டிசம்பரில் வருகிறதுதான். தெருவெல்லாம் தண்ணீர். கார் நத்தையாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது இனாஸ் மறுபடி எடுத்தாள். ஸக்கரியாகிட்ட இல்லாத பழைய டேபிள் ஏதாவது விட்டுப்போயிருக்குமா, அவன் சேர்வதற்கு முன்னால் பிடித்த வாடிக்கையாளர்கள் யாராவது, என்று. கேட்ட விதத்தில் எந்தக் குத்தலும் இல்லை. அவன் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நாலாயிரம் பாத்துட்டான் அவன். சுத்தமா இருக்கு. ஏன் இப்படிப் பயந்து சாகுற? முதல் ரேங்க் வாங்கினவங்களுக்கே இந்த வியாதி."

இதற்கு முன்னால் அவன் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான், அதை மறதி என்று சொல்லித் தப்பிக்க வழியிருந்தது. இப்போது வாயைத் திறந்தே பொய் சொல்லியாகிவிட்டது. அது அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும், உள்ளே எங்கோ ஒரு குஷி இருந்தது. முதல் ரேங்க்காரி பயப்படுகிறாள் என்ற குஷி.

செவ்வாய் மாலை ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவன் மார்க்கரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனான். இனாஸ் அங்கே நின்றிருந்தாள். சொல்லுக்குக் கீழே ஸக்கரியா வரைந்த ஒரு கழுதைப் படத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"கோடு போடட்டுமா?" என்றான், எல்லோர் காதிலும் விழும்படி.

"மார்க்கர் உன் கையிலதானே இருக்கு," என்றாள் அவள் மெதுவாக.

கோடு போட்டான். ஸ்கேல் வைத்தது போல நேராக வந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவன் பட்டியல் ஃபைலைத் திறக்கவேயில்லை. இனாஸ் தன் சொல்லை அதில் ஏற்றுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேறேதோ பழைய பிழையைக் கட்டிக்கொண்டு அழுதான். அவள் அந்த இரண்டு நாளும், வெள்ளி சனி விடுமுறையிலும் கம்ப்யூட்டரைவிட்டு எழுந்திருக்கவில்லை. கடைசி நேர மெருகு போடுகிறாள் என்று நினைத்தான். மெருகு போடட்டும், விழும்போது நன்றாகச் சத்தம் கேட்கும் என்றும் நினைத்தான். பொறாமை பிடித்த மனுஷனுக்கு மற்ற எல்லாம் கண்ணில் படும், எதிரே இருப்பது மட்டும் படாது.

ஞாயிறு காலை நன்றாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டை போட்டுக்கொண்டான். ஏழு மணிக்கு ரத்த வங்கியில் புதிய பதிப்பு ஏறியது. அவன் போனை மேஜைமேல், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தான். சொல்லப்போகிற வார்த்தைகளைக்கூட மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான்: 'இதெல்லாம் யாருக்கும் நடக்கிறதுதான், இனாஸைக் குறை சொல்லாதீங்க.' ரொம்பப் பெருந்தன்மையான வார்த்தைகள். எட்டு ஆனது, ஒன்பது ஆனது. போன் ஒரு தடவை அடித்தது. அண்ணன்காரன், மழை எப்படி என்று கேட்க.

பதினோரு மணிக்கு நெவீன் எல்லோரையும் தேநீர் மேஜைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு பெட்டி பஸ்பூஸா இருந்தது.

"இந்தத் தடவை மன்னிப்புக் கேக்கறதுக்கு இல்ல," என்று சிரித்தார். "இதை வாங்கினது லுத்ஃபிக்கு."

லுத்ஃபிக்கு ஒன்றும் புரியவில்லை. நெவீன் சொல்லிக்கொண்டே போனார். கோடு போட்ட பிறகு, கடைசி நேரத்தில், லுத்ஃபிக்கு ஒரு பழைய ரத்த வங்கி ஞாபகத்துக்கு வந்ததாம். வீட்டில் இனாஸிடம் சொன்னானாம். ரத்தச் சமாச்சாரம் என்பதால் விதியைத் தளர்த்தினாராம். இனாஸ் நாலு நாள் இரவு பகல் உட்கார்ந்து, அந்தச் சொல்லை ஒதுக்காமலே வேலை செய்கிற மாதிரி மாற்றிவிட்டாளாம். அடுத்து வருகிற சொல் எது என்று எட்டிப் பார்த்துவிட்டு, இது தன் சொல்லா வாடிக்கையாளரின் தலைப்பா என்று மொழியே முடிவு செய்துகொள்ளும்.

"சொல்லாம விட்டிருந்தா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்னு நினைச்சாலே எனக்கு உதறுது," என்றார் நெவீன். "பட்டியல் உங்ககிட்டயே இருக்கட்டும், லுத்ஃபி. இனாஸே அப்படித்தான் சொன்னா. இந்த மாதிரி ஞாபகம் வேற யாருக்கும் இல்லைன்னு."

ஸக்கரியா கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். லுத்ஃபி இனாஸைப் பார்த்தான். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டில் வைத்துக் கொடுத்த பஸ்பூஸாவை அவன் தின்றான். தின்னாமல் எப்படி? அவன் கேட்டுத் தவித்தது எல்லாம் அதில்தானே இருந்தது.

இடத்துக்கு வந்து ஐந்து நாளில் முதல்முறையாக ஃபைலைத் திறந்தான். 'லேட்டஸ்ட்' ஒதுக்கிய சொற்களில் இல்லை. இரண்டாம் பகுதியில், தலைப்பாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த சொற்களோடு இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: பழைய வாடிக்கையாளர் ஒருவரின் டேபிளில் இருக்கும் பெயர், மாற்றக்கூடாது. நினைவூட்டியவர், லுத்ஃபி.

மாலையில் கார் கடற்கரைச் சாலையில் மாட்டிக்கொண்டது. அலை சுவரைத் தாண்டி வந்து கார்கள்மேல் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடி எல்லாம் ஏறியிருந்ததால் உள்ளே இரண்டு பேர் மூச்சும் கேட்டது. எப்படித் தெரியும் என்று அவன் கேட்டான்.

"மீன் பொரிக்கும்போது ஞாபகம் வந்துச்சு," என்றாள் இனாஸ். "சட்டியை இறக்கிட்டு உடனே நெவீனுக்குப் போன் பண்ணத்தான் நினைச்சேன். அப்புறம் உன்னைப் பாத்தேன். உனக்கு என்னைவிட முன்னாடியே தெரிஞ்சிருக்கும், நீயே சொல்லுவ, உன் வாயால வந்தா உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு விட்டேன்."

"எனக்கு மறந்து..."

"கேட்டேன் லுத்ஃபி. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை கேட்டேன்."

முன்னால் நின்ற கார் கொஞ்சம் நகர்ந்தது. அவன் நகர்த்த மறந்தான். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"அந்த டேபிளை நான் கட்டினேன்," என்றான். ஏன் அதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. மிச்சமிருந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

"நீதான் கட்டினே. அந்தத் தலைப்புக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு தெரியாம அரை மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தே. ஜன்னல்கிட்ட இருந்து நான் சொன்னேன், லேட்டஸ்ட்னு வையேன்னு. கொய்யாப்பழம் தின்னுட்டிருந்தேன்." கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்தாள். "அப்போ நீ எழுந்து வந்து எல்லார் முன்னாடியும் என் நெத்தியில முத்தம் குடுத்தே. அந்தக் கிழவர் டாக்டர் இருமினார். அதையும் மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தான். இவ்வளவு வருஷமாக அந்தப் பெயரைத் தன் மூளையில் உதித்ததாகவே வைத்துக்கொண்டிருந்தான். இப்போது அவள் சொல்லச் சொல்ல, ஸ்பிரிட் நெடி, ஜன்னல் வெளிச்சம், சிவப்பாகிப்போன அவள் முகம் எல்லாம் வந்து நின்றது. அவளை அப்படி மெச்சிய ஒருவன் தன் சட்டைக்குள்தான் இருந்தான் என்பது அவனைச் சுட்டது.

நாளையிலிருந்து, மொழியோடு சம்பந்தமில்லாத டேட்டா சேமிப்புப் பிரிவுக்கு மாறப்போவதாக அவள் சொன்னாள். இரண்டாவது மாடி. நெவீனிடம் வியாழக்கிழமையே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சத்தம் போடவில்லை, அழவில்லை. காலையில் அவள் டிராமில் வந்துகொள்வாள், அந்தப் பிரிவில் வேலை சீக்கிரம் தொடங்குகிறது.

"இனாஸ், நான் ஒண்ணு சொல்லணும்," என்றான் லுத்ஃபி. இந்த முறை நிஜமாகவே சொல்ல இருந்தது. பொறாமை என்ற சொல்லைக்கூட முதல்முறையாகச் சொல்லத் தயாராக இருந்தான்.

அவள் கண்ணாடியில் வழிகிற கடல்நீரைப் பார்த்தபடி, கோபமே இல்லாமல், அலுவலகத்தில் ஒரு சக ஊழியரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"மூணு நாள் முடிஞ்சுபோச்சு, லுத்ஃபி."